விண்மதி வில்லியான ஆறாம் பாகம்

"…அஞ்சு பாகத்துல பூமியைக் காப்பாத்தினவளை, முப்பது வருஷம் கழிச்சு ஆறாம் பாகம்னு ஒண்ணு எழுதி, அவதான் பூமியைக் காட்டிக் கொடுத்தவன்னு சொன்னா எப்படிங்க?"

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் பக்கத்து நண்பரிடம் அலுத்துக்கொண்டிருந்தார். மடியில் புதுப் புத்தகம். கடையிலேயே உட்கார்ந்து பாதி படித்துவிட்டாராம்.

"விடுங்கண்ணே. விண்கப்பல் கதைதானே."

"உங்களுக்கென்ன, பையனுக்கு முருகன் பேரை வச்சிட்டீங்க. அவருக்கு யாரும் ஆறாம் பாகம் எழுதப் போறதில்ல. நான் பொண்ணுக்கு விண்மதின்னு இவ பேரையில்ல வச்சேன்! ஸ்கூல்ல கிண்டல் பண்றாங்கன்னு அழுதுட்டு வரப்பல்லாம், உலகத்தைக் காப்பாத்தினவ பேரும்மான்னு சொல்லித்தானே தேத்தினேன்."

"எழுத்தாளருக்கும் வயசாச்சுல்ல. ஏதாவது திருப்பம் வேணும்னு பாத்திருப்பாரு."

"எனக்கும்தான் வயசாச்சு. நான் யாரையாவது வில்லியாக்கினேனா?"

காவிரிப் பாலத்தின் நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. அவருடைய போன் அடித்தது.

"சொல்லும்மா… இல்லம்மா, கடையில தீர்ந்து போச்சாம். அடுத்த வாரந்தான் வருமாம்."

போனை வைத்ததும் நண்பர் சிரித்தார். "உங்க பொண்ணே ஆர்டர் போட்டா நாளைக்கு வீட்டு வாசலுக்கு வந்துடும்ணே."

"தெரியும்யா."

சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசி அத்தியாயத்திலாவது எழுத்தாளர் அவளை நல்லவளாக்கியிருக்கிறாரா என்று புத்தகத்தைப் பின்னாலிருந்து புரட்ட ஆரம்பித்தார்.