‘மண்மேட்டு நிழல்’ வென்ற கதை

இந்தப் பாராட்டு விழாவுக்குத் தலைமை தாங்கி, எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோருக்கும் பின்னால் பேசக் காத்திருக்கும் பெரியவர் சித்தார்த்தன் அவர்களே! ஷிப்ட் முடிந்து முகம் கழுவிய ஈரம் காயாமல் ஓடிவந்திருக்கும் நந்திதுர்க் சுரங்கத் தோழர்களே! பாலகாட் சுரங்கத்திலிருந்து திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே! இடுப்பில் பிள்ளையும் இதழில் சிரிப்புமாக நிற்கும் ஆண்டர்சன்பேட்டைத் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும், செத்துப்போனவனின் வணக்கம்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! நம் ஏனோக் எடுத்த ‘மண்மேட்டு நிழல்’ படத்தில் பிணமாக நடித்த கிளாரன்ஸ் நான்தான். என்ன? “பொணம் கண்ணு இமைச்சிதுண்ணா” என்று அங்கே ஒருவர் கத்துகிறார். இமைத்தது ஐயா, இமைத்தது! மூக்கில் ஈ உட்கார்ந்தது. நான் நடிக்கிறேன் என்று எனக்குத் தெரியும், ஈக்குத் தெரியுமா?

படம் எடுக்க நம்மிடம் என்ன இருந்தது? பணம் இருந்ததா? இல்லை. படப்பிடிப்பு அரங்கம் இருந்ததா? இல்லை. பெரிய பெரிய விளக்குகள் இருந்தனவா? ஒன்றுகூட இல்லை! சுரங்கத்தில் எலக்ட்ரிக் ஃபிட்டர் வேலை பார்க்கும் ஏனோக்கிடம் இருந்தது இரவல் காமிராவும் ஞாயிற்றுக்கிழமை வெயிலும்தான். வெயில் இருந்தால் நிழல் இருக்குமல்லவா? அந்த நிழலையே நடிக்க வைத்தார்! கொலைகாரனின் முகத்தைக் கடைசிவரை காட்டவில்லை. தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிக் குவித்த, வெள்ளை வெளேரென்ற சயனைட் மண்மேட்டின் மேல் அவன் நிழல் மட்டும் ஏறி வரும். அஞ்சாதவர் யார்? அலறாதவர் யார்?

கதை உங்களுக்குத் தெரியும். சுரங்கத்துக்குள்ளே ஒரு தொழிலாளி இறந்து கிடக்கிறான். பாறை வெடித்துச் செத்தான் என்று ஊரே நம்புகிறது. அவன் மனைவியாக நடித்தவர், நம் பேட்டையில் துணி தைக்கும் சம்பங்கி. கீழே இறங்குமுன் ஒவ்வொருவரும் தன் விளக்கை வாங்கும் லேம்ப் ரூமுக்கு அவர் போகிறார். அங்கே கணவனின் விளக்கு, வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதைப் பார்க்கிறார். ஒரு வார்த்தை வசனம் கிடையாது!

இதே மன்றத்தில் முதல்முறை போட்டுக் காட்டியபோது, பெண்கள் பக்கத்திலிருந்து நாகம்மா அக்கா எழுந்தாரே, மறந்துவிட்டீர்களா? “அடப்பாவிங்களா! லேம்ப் இங்க கீது, ஆளு எப்டிடா கீழ எறங்குவான்? மேலயே கொன்னு உள்ள போட்டுட்டானுங்க!” மன்றமே எழுந்து நின்றது!

ஆனால் ஏனோக்கும் சம்பங்கியும் நானும் படப்பெட்டியோடு பெங்களூர் போனபோது, விநியோகஸ்தர் ஒருவர் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். “அந்தம்மா வெளக்கப் பாக்குது, அழுவுது. எனக்கு ஒண்ணும் புரியல. அங்க பக்கம் பக்கமா வசனம் வை. இல்லன்னா பெட்டியத் தூக்கினு கெளம்பு” என்றார்.

ஏனோக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்! ரயிலில் அவருக்கு அடங்காத கோபம். “நம்ம ஜனத்துக்குப் புரிஞ்சா போதும்” என்றார். எதிரே உட்கார்ந்திருந்த சம்பங்கி சொன்னார்:

“இன்னாண்ணா இப்டி பேசறீங்க? எங்க வூட்டுக்காரரு பாறை வெடிச்சுத்தான் போனாரு. தெனம் நான் கேட்டாண்ட நிப்பேன். லேம்ப் வாங்கினதும் என்னப் பாத்து ஆட்டிக் காட்டிட்டுதான் உள்ள போவாரு. அத்த நீங்க படத்துல வெக்கவே இல்ல. வெளியூர்க்காரங்களுக்கு எப்டித் தெரியும்?”

ரயில் பங்காருபேட்டை வருவதற்குள் ஏனோக் அந்தக் காட்சியைத் தாளில் எழுதிவிட்டார்.

அடுத்த ஞாயிறு அந்தக் காட்சியை எடுத்தோம். வரிசையில் ஒவ்வொருவராக விளக்கு வாங்குகிறோம். நான் என் விளக்கை உயர்த்தி ஆட்டுகிறேன். கேட்டருகே சம்பங்கி சிரிக்கிறார். தோழர்களே, அது நடிப்பா? காமிரா நின்றதும் ஏனோக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “சரியா வந்துச்சாண்ணா?” என்று கேட்டார் சம்பங்கி.

அந்த ஒரு காட்சியை, அவன் சாவதற்கு முந்தைய நாளாக, படத்தின் தொடக்கத்தில் சேர்த்தோம். வசனம் சேர்க்கவில்லை! பெங்களூரில் ஒரு மேட்னி காட்சிக்கு மட்டும் அரைமனதாய் இடம் கொடுத்தார் அதே விநியோகஸ்தர். சுரங்கத்தையே பார்த்திராத கூட்டம். லேம்ப் ரூம் காட்சி வந்தது. திடீரென்று கன்னடத்தில் ஓர் அம்மாள் அலறினார்: “அய்யோ, தீப இல்லே இதெயல்லா!” விளக்கு இங்கேயே இருக்கிறதே என்று! அரங்கம் அதிர்ந்தது! சம்பங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார், அழுதுகொண்டே சிரித்தார்.

ஒரு பொருள் எப்போது பேசும்? முதலில் அதை ஒரு மனிதனின் கையில் கொடுங்கள். அவன் அதைப் பிரியமானவளுக்கு ஆட்டிக் காட்டட்டும். பிறகு அவன் இல்லாமல் அதைக் காட்டுங்கள். எந்த மொழிக்காரருக்கும் அது பேசும்!

கை தட்டுங்கள், இன்னும் பலமாக! இன்று வேலூரில் ஓடுகிறது நம் படம். சேலத்தில் ஓடுகிறது நம் படம். இந்த மண்ணிலிருந்து எத்தனையோ காலமாகத் தங்கம் போகிறது. எந்தக் கட்டியிலாவது நம் பெயர் இருந்ததா? இந்தப் படம் போகிறது. திரை நிறைய நம் பெயர் போகிறது! சம்பங்கி என்று போகிறது! ஏனோக் என்று போகிறது! கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் என்று போகிறது!

பிணத்தின் பேச்சை இவ்வளவு பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. தங்கை சம்பங்கி, மேடைக்கு வாங்க. வெற்றி வணக்கம்!