பேச்சில்லாத ஊடு

— அதைத் தொடாத. சொளை எடுத்துக் குடுக்கத்தானே நான் இங்க உக்காந்திருக்கேன்.

— சும்மா பாத்தேன்...

— பாக்கறவன் கையை வெச்சா பாப்பான்? பலாப்பால் ஒட்டுனா லேசுல போவாது. இந்தா எண்ணெய், தொடச்சுக்க.

— நீ மாறவே இல்ல கலைமணி.

— நீதான் மாறிட்ட. தாடியும் அதுவும்... ஆரோ பேங்க் ஆபீசரு வாராருன்னு நெனச்சேன். கவின்னு தெரியவே இல்ல.

— அதான் 'ஏனுங்க, என்னங்க வேணும்'னு கேட்டியா?

— பின்ன? ரெண்டு வருசமா மொகத்தைக் காட்டாதவனை 'வாடா'ன்னா கூப்புடுவாங்க?

— கூப்புட்டிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்...

— போதும் போதும். பஸ்ஸு மலை வளைவுல ஏறறப்ப வாந்தி எடுத்தியா, அதைச் சொல்லு.

— இல்ல.

— பொய்யி.

— ஒரு தடவைதான். அதும் மேல வந்தப்புறம்.

— ஐயோ சாமி! காலேஜ் படிக்கறப்ப எங்க ஊட்டுக்கு வந்தியே, மூக்குல எலுமிச்சம்பழத்தை வெச்சுக்கிட்டு... எங்க சித்தப்பா இன்னும் 'எலுமிச்சம்பழ மாப்பிள்ளை எங்க'ன்னு கேக்கறாரு.

— இன்னுமா கேக்கறாரு?

— கேட்டாரு. முன்னால. இப்ப கேக்கறதில்ல.

— கால்ல மிஞ்சி போட்டிருக்கயே.

— ம். போன வைகாசியில.

— தனபால் எப்படி இருக்கான்?

— தனபாலுக்கென்ன? பெங்களூர்ல லாரி ஓட்டறான். ரெண்டாவது கொழந்தை.

— என்னது... ரெண்டாவதா? போன வைகாசியிலதான கல்யாணம்ன?

— அது எனக்கு. எங்கூட்டுக்காரரு பேரு செல்வம். இதே மலையில பெரக்கரை நாடு. அப்பாவால முடியலைன்னு இந்தக் கடையை இப்ப நாங்க ரெண்டு பேருந்தான் பாக்கறோம். அவரு கீழ லோடு எறக்கப் போயிருக்காரு.

— கலைமணி... 'எங்க மாமன் மகன் தனபாலுக்கு என்னைப் பேசி முடிச்சாச்சு, இனிமே போன் பண்ணாத'ன்னு நீதான சொன்ன?

— இரு, ஆளு வாராங்க... வாங்கக்கா! மலைவாழைங்களா? நேத்துத்தாங்க வெட்டுனது. நாளைக்குப் பழுத்துருமுங்க... ஆமாங்க, மிளகும் நம்ம தோட்டத்துதுதான்... சரிங்க, திரும்பி வாரப்ப எடுத்துக்கங்க.

— போயிட்டாங்க. சொல்லு.

— என்னத்தைச் சொல்ல?

— தனபாலு.

— அதெல்லாம் பழசு கவின். விடு. நீ எதுக்கு மலையேறி இந்தச் சோளக்காட்டுக்கு வந்த? லீவா?

— லீவுதான்... மிளகு வாங்கலாம்னு.

— ஊட்டுல சண்டை போட்டுட்டு நீ திருப்பூர் போயிட்டதாக் கேள்விப்பட்டேன். அங்க மிளகு இல்லையாக்கும்?

— இப்ப திருப்பூர்ல இல்ல. ஊருக்கே வந்துட்டேன். கீழ காரவள்ளியிலதான் இருக்கேன்.

— ஊட்டுலயா! உங்கப்பா இருக்கற ஊட்டுலயா?

— ம்.

— அப்ப ராசி ஆயிட்டீங்க... நல்லது. ரொம்ப நல்லது கவின். உங்கப்பா இன்னும் கொத்து வேலைக்குப் போறாரா?

— இல்ல. ஊட்டுலதான்.

— வயசாயிருச்சுல்ல. பேசிக்கறீங்களா ரெண்டு பேரும்?

— பேச்சா... எங்க ஊட்டுல எப்ப பேச்சு இருந்துச்சு?

— அதுவும் சரிதான்.

— நீயே ஒரு நா வந்து பாத்தியே.

— பாத்தேன். பொங்கலுக்கு மறுநா. மறப்பனா? உங்கம்மா எனக்குன்னு வடை சுட்டாங்க. நாம நாலு பேரும் உக்காந்தோம். டிவி மட்டுந்தான் பேசுச்சு. உங்கப்பா பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்டாரு. நான் எதுக்கோ சிரிச்சேன், அந்தச் சிரிப்பு எனக்கே திரும்பிக் கேட்டுச்சு. வாயை மூடிக்கிட்டேன்.

— எங்கம்மாகூடப் பேசுனாங்களே உங்கிட்ட.

— ஒன்னே ஒன்னு கேட்டாங்க. 'நீங்க மலைக்காரங்களா?'ன்னு. 'ஆமாங்க'ன்னேன். 'ம்'முன்னாங்க. அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்னு, மேல வந்து சேர்ற வரைக்கும் ஒவ்வொரு வளைவுலயும் யோசிச்சேன்.

— அதுக்கு ஒன்னும் அர்த்தமில்ல. எங்கம்மா எல்லாத்துக்கும் 'ம்'முதான்.

— உனக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? எங்க ஊட்டுல பதினோரு பேரு. ஒருத்தருக்குத் தும்மல் வந்தாக்கூட அதை அஞ்சு பேரு பேசுவாங்க. எங்கம்மாவுக்குக் கோவம்னா பக்கத்துக் காட்டுக்காரங்களுக்கும் தெரியும். சாயங்காலம் தீந்து போச்சுன்னா அதும் தெரியும். கோவத்தை உள்ள வெச்சுக்கிட்டு வடை பரிமாற எங்களுக்குத் தெரியாது.

— ஆரும் கோவத்துல பரிமாறல.

— சரி, விடு. நீ எங்க ஊட்டுக்கு வந்தப்ப ஞாபகம் இருக்கா? எங்கம்மாவும் சின்னம்மாவும் கொழம்புக்கு எவ்வளவு காரம்னு சண்டை போட்டாங்க...

— என்னைப் பஞ்சாயத்துக்கு உக்கார வெச்சாங்க. ரெண்டு கொழம்பையும் ஊத்தி, எது நல்லாருக்கு சொல்லுன்னாங்க.

— நீ திருடன்! ரெண்டையும் கலந்து தின்னுட்டு, 'இப்பத்தாங்க ருசி'ன்ன. எங்க சித்தப்பா கைதட்டி எந்திரிச்சுட்டாரு.

— எங்க ஊட்டுல இருவது வருசத்துல பேசுன பேச்சை உங்க ஊட்டுல ஒரு சாயங்காலத்துல பேசிட்டேன் கலைமணி. ராத்திரி கீழ போனேன். ஊட்டுல லைட்டு எரியுது, அப்பா தூங்கலை, கட்டில்ல உக்காந்திருக்காரு. 'சாப்டியா'ன்னாரு. 'ம்'முன்னேன். லைட்டை அணைச்சுட்டாரு. அன்னைக்குத்தான் எனக்கு எங்க ஊட்டுமேல மொதல்மொதலா ஆத்தரம் வந்துச்சு.

— உனக்காக முழிச்சுக்கிட்டு இருந்திருக்காரு.

— இப்பச் சொல்ற. அப்ப நீயும் நானும் என்ன பேசிக்கிட்டோம்?

— என்ன பேசுனோம்?

— 'உங்கப்பா கல்லு மாதிரி இருக்காரு'ன்ன. 'கல்லுகூட வெயில்ல சூடாவும்'னு நான் சொன்னேன். சிரிச்சோம். நாமக்கல் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு அப்படிச் சிரிச்சோம்...

— சின்ன வயசு.

— ரெண்டு வருசத்துக்கு முன்னால சின்ன வயசா?

— ஆமா. எனக்கு அப்படித்தான் தோணுது.

— ... செல்வம் நல்லா வெச்சிருக்காரா?

— வாயாடி. எங்க ஊட்டு ஆளுங்களையே தூக்கிச் சாப்புட்டுருவாரு. காத்தால பல்லு வெளக்கறப்ப ஆரம்பிச்சா, நான் தூங்குனப்புறமும் பேசிக்கிட்டு இருப்பாரு.

— நீ கேட்ட மாதிரியே கெடைச்சுருச்சு.

— ம்... சில நா, கொஞ்சம் சும்மா இருங்கன்னு கத்தலாம்போல இருக்கும். அந்த நேரத்துல உங்கூட்டு ஞாபகம் வரும். அவரு நல்ல மனுசந்தான், அதுல கொறையில்ல. ஞாபகம் வரத்தான் செய்யும், அவ்வளவுதான்.

— என் ஞாபகம் வரலையாக்கும்?

— இதையெல்லாம் கேக்கறதுக்கா பஸ்ஸேறி வந்த?

— இல்ல. நீ இங்க இருப்பேன்னே நான் நெனைக்கல. கல்யாணமாயி எந்த ஊருக்கோ போயிருப்பேன்னு நெனச்சேன். எறங்குனேன்... எதுத்தாப்புல நீ உக்காந்திருக்க.

— மிளகு எவ்வளவு வேணும்?

— தனபாலைப் பத்திச் சொல்லு.

— கவின்...

— அந்தப் பேச்சுனாலதான் நான் எங்கப்பனை விட்டுப் போனேன் கலைமணி. அதைத் தெரிஞ்சுக்க எனக்கு உரிமை இல்லையா?

— கத்தாத. அக்கம்பக்கத்துக் கடைக்காரங்க பாக்கறாங்க.

— பாக்கட்டும். நீ அன்னைக்கு என்ன சொன்ன? 'ஒரு மாசம் பாத்தேன். உங்க ஊட்டுல இருந்து ஆரும் வந்து கேக்கலை. எங்க ஊட்டுல பொறுக்க மாட்டேங்கறாங்க, தனபாலுக்குப் பேசிட்டாங்க'ன்ன. போனை வெச்சதும் எங்கப்பாகிட்டப் போனேன். குளிச்சுட்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாரு. அதுக்கு மின்னாலயே ஒருக்கா அவருகிட்டக் கேட்டிருந்தேன், சோறு திங்கறப்ப. 'அந்தப் புள்ளையப் போயிக் கேளுங்கப்பா'ன்னு. அன்னைக்குக் கையைக் கழுவிட்டு எந்திரிச்சுப் போனாரு. அதெல்லாம் சேத்து வெச்சுக் கத்துனேன். 'ஒத்த மவனுக்காக ஒரு பஸ்ஸேறி மலைக்குப் போவ முடியலையே உன்னால, நீயெல்லாம் அப்பனா'ன்னு.

— ஐயோ... அப்படியா கேட்ட?

— அப்படியேதான் கேட்டேன்.

— அதுக்கு... அதுக்கு உங்கப்பா என்ன சொன்னாரு?

— என்ன சொல்வாரு? தோள்ல கெடந்த ஈரத்துண்டை எடுத்து ஒதறிக் கொடியில போட்டாரு. அம்மா அடுப்படியில அழுவறாங்க. நான் பையைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டேன். ஒன்னரை வருசம் அவருகூட ஒரு வார்த்தை பேசலை. போன்ல அம்மா 'அப்பா பக்கத்துலதான் இருக்காரு, குடுக்கட்டா'ன்னு கேப்பாங்க. 'வேலை இருக்கு'ன்னு வெச்சுருவேன்.

— ஒன்னுமே சொல்லலையா அவரு... அப்பக்கூடவா சொல்லலை?

— எதைச் சொல்லலை? ஏன் கலைமணி கண்ணைத் தொடைக்கற?

— மிளகுத் தூசி.

— கலைமணி.

— நான் வாக்குக் குடுத்திருக்கேன் கவின்.

— ஆருக்கு?

— உங்கப்பாவுக்கு.

— எங்கப்பாவை நீ எங்க பாத்த?

— அவரு வந்தாரு.

— எங்க வந்தாரு?

— இங்கதான். இந்தக் கடைக்கு. நீ சோறு திங்கறப்பக் கேட்டேன்னியே, அதுக்கு அடுத்த வாரம். மழை தூறிக்கிட்டு இருந்துச்சு. நான் மட்டுந்தான் இருந்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தரு ரொம்ப நேரமா நனைஞ்சுக்கிட்டு நிக்கறாரு. அப்புறமாத்தான் தெரிஞ்சுது, உங்கப்பான்னு. திட்டத்தான் வந்திருக்காருன்னு நெனச்சேன்.

— எங்கப்பாவா... தனியாவா?

— தனியாத்தான். உள்ள வந்து பழப்பெட்டி மேல உக்காந்தாரு. தண்ணி குடுத்தேன். குடிச்சுட்டு, 'உங்கப்பனைக் கேக்கறது அப்புறம். எங்க ஊட்டுக்கு வாரியா கண்ணு? அதை நீ மொதல்ல சொல்லு'ன்னாரு.

— நீ என்ன சொன்ன?

— 'உங்க ஊடு எனக்குப் பயமா இருக்குதுங்க'ன்னேன். மனசுல இருந்ததை அப்படியே சொல்லிட்டேன் கவின். எங்க ஊட்டுல அப்படித்தான பழக்கம். 'ஆரும் பேச மாட்டேங்கறீங்க, என்னை உங்களுக்குப் புடிக்கலை போல, நான் அங்க வந்தா செத்துப் போயிருவேனுங்க'ன்னு என்னென்னமோ சொன்னேன். அவரு கோவிச்சுக்கல. ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. 'எனக்கே சில நா பயமாத்தான் இருக்கும் கண்ணு. என்ன பண்றது, பழகிப்போச்சு'ன்னாரு.

— எங்கப்பாவா... இத்தனை பேசுனாரா?

— பேசுனாரு. எந்திரிச்சப்ப, 'நான் வந்ததைப் பையன்கிட்டச் சொல்லாத'ன்னாரு. 'ஏனுங்க'ன்னேன். 'நீ மாட்டேன்னது தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான். நான் வந்து கேக்கலைன்னே இருக்கட்டும். எம்மேல கோவப்பட்டு அவனுக்குப் பழக்கந்தான்'னாரு. எங்கையைப் புடிச்சு சத்தியம் வாங்கிட்டுத்தான் பஸ் ஏறுனாரு. அதுக்கப்புறந்தான் நான் தனபாலு கதையைக் கட்டுனேன். என்னைத் திட்டு கவின். ஏதாச்சும் சொல்லு.

— ...

— உங்க ஊட்டு ஆளு மாதிரி உக்காந்திருக்காத. எனக்கு என்னமோ பண்ணுது.

— ஏன் கலைமணி... ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை? நாம தனியா ஊடு எடுத்திருக்கலாம். எதுவோ பண்ணியிருக்கலாம்...

— பத்தொம்போது வயசுல அதெல்லாம் தோணலை. இன்னொன்னு கேளு. பொங்கலுக்கு மறுநா உங்க ஊட்டுல இருந்து கெளம்புனனே, அன்னைக்குப் பஸ்ஸுல நிக்க எடமில்ல. முன்சீட்டுல மட்டும் ஒரு துண்டு கெடந்துச்சு. கண்டக்டரு, 'மாதன் கொத்தனாரு போட்டுட்டுப் போனாரும்மா, உனக்குத்தான், உக்காரு'ன்னாரு. நாம திங்கறப்ப உங்கப்பா பாதியில எந்திரிச்சுப் போனாருல்ல, அது அதுக்குத்தான். அந்தத் துண்டுமேல உக்காந்துக்கிட்டுத்தான் வளைவு வளைவா, இந்த ஊட்டுல என்னை ஆருக்கும் புடிக்கலைன்னு அழுதுக்கிட்டே வந்தேன்.

— எனக்கும் தெரியல. பெத்த மவன், எனக்கே தெரியல.

— இப்பத் தெரிஞ்சுருச்சுல்ல. போனது போச்சு, நமக்கு இனி ஒன்னுமில்ல. உங்கப்பா இருக்காருல்ல? அடுத்த பஸ்ஸுக்கே எறங்கிப் போ. நான் சத்தியத்தை ஒடைச்சுட்டேன்னு சொல்லு, என்னை வேணும்னா ரெண்டு திட்டட்டும். பக்கத்துல போயி உக்காந்து, 'ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லலை'ன்னு வாயைத் தொறந்து கேளு கவின். அன்னைக்கு எங்கிட்டயே அத்தனை பேசுனவரு, உங்கிட்டப் பேச மாட்டாரா?

— மாட்டாரு கலைமணி. தை மாசம் அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. அதுக்குத்தான் நான் ஊருக்கு வந்தேன். பேச்சு சுத்தமா நின்னுபோச்சு, ஒத்த வார்த்தைதான் வருது. தண்ணி வேணும்னாலும் அதைத்தான் சொல்றாரு, என்னைப் பாத்தாலும் என் கையைப் புடிச்சுக்கிட்டு அதையேதான் சொல்றாரு... 'சோளக்காடு, சோளக்காடு'ன்னு. அம்மாவுக்கும் புரியலை, டாக்டருக்கும் புரியலை. அவருக்கு இங்க என்ன இருக்குதுன்னு பாத்துட்டு வாரலாம்னுதான் இன்னைக்கு பஸ்ஸேறுனேன்.