முதல் கிளிப் மட்டும் ஓடிய மெமரி கார்டு

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் மூன்றையும் எழுத்தரம்மா இந்தத் தாளின் தலைப்பில் எழுதிவிட்டார்கள். வயது நாற்பத்தாறு. சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கீழே ஸ்டுடியோ, மாடியில் வீடு. நான் படமும் வீடியோவும் எடுப்பேன், என் வீட்டுக்காரர் பிரிண்ட் போட்டு ஃபிரேம் மாட்டுவார். தெருவில் எல்லோரும் ஸ்டுடியோக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி. அதையும் எழுதிக்கொள்ளலாம், கடை மேனேஜர் தன் புகாரில் ஏற்கெனவே எழுதியிருக்கிறார். மெயின் ரோட்டில் இருக்கும் மூன்று மாடி எலெக்ட்ரானிக்ஸ் கடையில் நான் மெமரி கார்டை மாற்றிக் கொண்டுவந்து ஏமாற்றப் பார்த்ததாகவும், வியாபாரத்தைக் கெடுத்ததாகவும் அவர் கொடுத்த புகாரின் பேரில் என்னை விசாரித்ததில் நான் சொல்வது பின்வருமாறு.

எனக்கு ஒரே அண்ணன். மார்க்கெட்டில் காய்கறி மூட்டைகளை ஏலம் விடுகிறவர். அவர் தக்காளி என்று கத்தினால் நாலு கடை தள்ளி டீ குடிக்கிறவன் கையில் டம்ளர் ஆடும். அப்பேர்ப்பட்ட தொண்டை சில மாதமாகக் கரகரத்து, சோறு விழுங்கவே சிரமமாகி, டாக்டரிடம் காட்டியதில் கட்டி என்றும், குரல்வளையையே எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றும் சொல்லிவிட்டார்கள். நாளைக் காலை ஆபரேஷன். இன்று மாலை ஆறு மணிக்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். ஆள் நன்றாக இருப்பார், பழைய குரல் மட்டும் இருக்காது. அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மேடம், இப்போதே அவர் குரலைச் சுத்தமாகப் பதிவு செய்து கொடுத்தால், பிற்பாடு அவர் போனில் டைப் அடிப்பதை அவர் குரலிலேயே பேசவைக்க வழி இருக்கிறது, ஆனால் நிறையப் பேசியிருக்க வேண்டும், பின்னால் வேறு சத்தம் வரக்கூடாது என்று சொன்னார்கள். தங்கச்சி ஸ்டுடியோ வைத்திருக்கும்போது அண்ணன் வேறு எங்கே போவார்?

அதன்பிறகு போன வாரம் அண்ணனும் அண்ணியும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். நூறு பேர் நடுவில் நின்று கத்துகிற மனுஷன், சின்ன மைக்கைச் சட்டையில் மாட்டியதும் பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நெளிந்தார். "கடிக்காதுண்ணே, பேசு" என்றேன். மேடம் கொடுத்த வாக்கியங்களை எல்லாம் படித்தார். அதன்பிறகு வீட்டில் பேசுவதைச் சொல்லச் சொன்னேன். சாப்டியா, மோட்டார நிறுத்து, யாரு வந்திருக்கா பாரு, இந்தக் கண்ணாடிய எங்க வச்சேன் என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில் அண்ணியை மாடிக்குப் போகச் சொல்லிவிட்டு, அவர்களுக்கென்று தனியாகக் கொஞ்சம் பேசினார். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் வாயைத் திறந்து சொல்லாததைச் சொன்னார். நான் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். லென்ஸ் துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முடிந்ததும் அவர், "இன்னொருவாட்டி சொல்லுன்னு மட்டும் கேக்காத, எனக்கு வராது" என்றார்.

அந்தப் பதிவுக்காக மேற்படி கடையில் புது மெமரி கார்டு வாங்கியிருந்தேன். தெரு முனைக் கடையில் வாங்கினால் போலி வரும் என்று பயந்து, விலை கூடினாலும் பரவாயில்லை, பெரிய கடை என்று நம்பித்தான் அங்கே போனேன். எங்கள் ஸ்டுடியோவில் முக்கியமான வேலை ஒவ்வொன்றுக்கும் புது கார்டு போடுவோம், பழையதை அழித்துத் திரும்பப் போடும் வழக்கம் கிடையாது. என் கேமராவில் ஒரு கார்டுக்குத்தான் இடம் உண்டு. பதிவு முடிந்ததும் முதல் கிளிப்பை ஓட்டிப் பார்ப்பேன், மீதி எல்லாம் வரிசையில் தெரிகிறதா என்று பார்ப்பேன், கார்டைக் கழற்றி உறையில் போட்டுவிடுவேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பழக்கம். அண்ணன் விஷயத்திலும் அதையேதான் செய்தேன். முதல் கிளிப் அருமையாக ஓடியது.

இன்று காலை அந்த மேடத்துக்கு அனுப்புவதற்காகக் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டேன். முதல் கிளிப் ஓடியது. இரண்டாவது பாதியில் நின்றது. அதன்பிறகு ஒன்றும் திறக்கவில்லை. பெயர் இருக்கிறது, அளவு காட்டுகிறது, உள்ளே ஒன்றும் இல்லை. கார்டை எடுத்து, அதே கம்பெனியின் பழைய கார்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்து மங்கல், ஓரம் கரடுமுரடு, பின்னால் இருக்கும் தகடு வேறு நிறம். இந்த மாதிரிப் போலி கார்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். வெளியே பெரிய அளவு போட்டிருக்கும், உள்ளே கொஞ்சம்தான் இடம் இருக்கும். இடம் தீர்ந்தாலும் கேமராவிடம் சொல்லாது. தலையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும், எதையும் வைத்துக்கொள்ளாது. அண்ணன் அண்ணிக்குச் சொன்னது கடைசியில் இருந்தது. அது போயே போய்விட்டது.

உடனே அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல, கேமராவையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடையில் கார்டுகள் பணம் கட்டும் இடத்துக்குப் பின்னால், கண்ணாடிக்குள் கொக்கியில் தொங்கும். கவுண்டரில் இருந்த பெண் பில்லைப் பார்த்தாள், கார்டைப் பார்த்தாள், மேனேஜரைக் கூப்பிட்டாள். அவர் டை கட்டியிருந்தார். "எங்க கடையில டூப்ளிகேட் வர்றதுக்கு வாய்ப்பே இல்ல மேடம், உங்க கேமரா பழசு" என்றார். நான் கேமராவில் பழைய கார்டைப் போட்டு ஓட்டிக் காட்டினேன். அதன்பிறகு அவர், சுற்றி இருந்தவர்கள் காதில் விழும்படி, "வேற கார்ட மாத்தி எடுத்துட்டு வந்து கேக்கறவங்களும் இருக்காங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம்! அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படுகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது என்று சொன்னேன். வேறு சிலதும் சொன்னேன், அவை புகாரில் உள்ளபடி சரியே.

கத்தி என்ன ஆகப்போகிறது? அதே கொக்கியில் தொங்கிய இன்னொரு கார்டுக்குக் காசு கொடுத்தேன். பழைய கார்டைப் போட்டுக் கேமராவை ஓடவிட்டு, பாக்கெட்டை மேனேஜரே பிரிக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தன் கத்தரிக்கோலால் பிரித்தார். கார்டின் மேல் கறுப்பு மார்க்கரால் அவரையே கையெழுத்துப் போடச் சொன்னேன், போட்டார். அதைக் கேமராவில் போட்டு, ஸ்டாண்டைக் கவுண்டர் எதிரே நிறுத்தி, சீக்கிரம் நிரம்பட்டும் என்று உள்ளதிலேயே பெரிய தரத்தில் வைத்துப் பதிவை ஆரம்பித்தேன். நீளமான பதிவை என் கேமராவே வரிசையாகக் கிளிப் கிளிப்பாகப் பிரித்துக்கொள்ளும். அதன்பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கூட்டம் சேர்ந்தது. "என்னக்கா ஷூட்டிங்கா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமாங்க, படத்து பேரு பெரிய கடை" என்றேன். மிக்ஸி வாங்க வந்த ஒரு அம்மா கையெழுத்துப் போட்ட கார்டைப் பற்றிக் கேட்டுவிட்டு, மிக்ஸியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். வியாபாரம் கெட்டது என்பது இதுதான். நான் யார் கையையும் பிடித்துத் தடுக்கவில்லை.

அதன்பிறகு காவலர் ஒருவர் வந்து கேமராவை நிறுத்தச் சொன்னார். "இன்னும் கொஞ்சம்தான் சார் நிரம்பணும், நிறுத்தினா அண்ணன் குரல் போனது என் தலையிலதான் விழும்" என்றேன். நல்ல மனுஷர். சரி, ஓடட்டும் என்று சொல்லி, ஓடுகிற கேமராவோடே என்னை ஜீப்பில் ஏற்றினார். மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மேனேஜர் தன் வண்டியில் பின்னால் வந்தார்.

நிலையத்தில் ஆய்வாளர் முன்னிலையில் இரண்டு கார்டுகளையும் எழுத்தரம்மாவின் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். மேனேஜர் பாக்கெட்டைப் பிரித்ததும் கையெழுத்துப் போட்டதும் என் பழைய கார்டில் தெளிவாக இருந்தன. புது கார்டில் முதல் கிளிப் ஓடியது, அதில் மேனேஜர் சிரித்துக்கொண்டு நின்றார். இரண்டாவதில் மிக்ஸி அம்மா வந்து பாதியில் நின்றுபோனார்கள். அதன்பிறகு கூட்டமும் இல்லை, காவலரும் இல்லை, ஜீப்பும் இல்லை. பெயர்கள் மட்டும் வரிசையாக இருந்தன. ஆய்வாளர் மேனேஜரைப் பார்த்து, "நீங்களே பிரிச்சீங்க, நீங்களே கையெழுத்துப் போட்டீங்க. இந்தம்மா எப்ப மாத்துனாங்க?" என்றார். மேனேஜர் டையைத் தளர்த்திக்கொண்டார்.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை, அவருக்கே தெரியாது என்றுதான் எனக்குப் படுகிறது. கடைக்குப் போன் போட்டு, அந்தக் கொக்கியில் இருக்கும் கார்டுகள் அத்தனையையும் எடுத்துப் பூட்டி வைக்கச் சொன்னார். கவுண்டர் பெண், இதற்கு முன் வேறு இரண்டு பேரும் இதே குறையோடு வந்ததாகவும், கேமரா ரிப்பேர் என்று சொல்லித் திருப்பி அனுப்பியதாகவும் போனிலேயே சொன்னாள். அவர்களையும் தேடிச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் வீட்டில் என்ன போயிற்றோ. போலியைக் கலந்தது சரக்கு அனுப்பியவரா, வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்தவர் யாராவதா என்பது எனக்குத் தெரியாது. கண்ணால் பார்க்காததைச் சொல்ல நான் வரவில்லை. மேனேஜர் என்மேல் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், என்னிடம் மன்னிப்பும் கேட்டார்.

ஆனால் எனக்கு வேண்டியது அதுவா? மணி மூன்றைத் தாண்டிவிட்டது. அண்ணன் ஆறுக்குள் சேர வேண்டும். இதற்குள் என் வீட்டுக்காரர் அண்ணனிடம் எல்லாவற்றையும் உளறிவிட்டார். அவர் லேப்டாப்போடும் நல்ல மைக்கோடும் வந்து இறங்கினார், பின்னாலேயே அண்ணனும் அண்ணியும் ஆஸ்பத்திரிப் பையோடு வந்தார்கள். அண்ணன் கரகரத்த குரலில் முதலில் கேட்டது, "உன்ன யாராச்சும் அடிச்சாங்களா?" என்பதுதான். காலையிலிருந்து அழாதவள் அப்போது அழுதேன். எல்லாம் போச்சுண்ணே, முதல் கிளிப்ப மட்டும் பாத்து ஏமாந்துட்டேன் என்றேன். "போனா போவுது கழுத. தொண்ட இன்னும் எங்கிட்டதான இருக்கு?" என்றார்.

ஸ்டுடியோவுக்குப் போய்வர நேரம் போதாது, இந்த வாக்குமூலமும் பாக்கி இருந்தது. ஆகவே இங்கேயே லேப்டாப்பில் பதிவு செய்ய அனுமதி கேட்டேன். இந்த முன் அறையில் எதிரொலி அதிகம். பழைய வழக்குக் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருக்கும் பின் அறையைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. அவ்வளவு காகிதம் இருந்தால் எதிரொலி வராது. எங்கள் ஸ்டுடியோவைவிட அந்த அறை சுத்தமாகக் கேட்கும். ஆய்வாளர் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார், வயர்லெஸ்ஸை வாசலுக்கு அனுப்பினார், நிலையத்தில் இருந்த எல்லோரும் பூட்ஸைக் கழற்றி வைத்தார்கள். லாக்கப்பில் இருந்தவர்கூட இருமலை அடக்கிக்கொண்டார்.

அண்ணன் மேடம் கொடுத்த வாக்கியங்களைத் திரும்பவும் படித்தார். போன வாரத்தைவிடக் குரல் கம்மியிருந்தது, ஆனாலும் அவர் குரல்தான். ஒவ்வொரு கிளிப்பையும் முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிக் கேட்ட பிறகே அடுத்ததற்குப் போனேன். வீட்டுப் பேச்சும் முடிந்தது. அதன்பிறகு அவர் அண்ணியைப் பார்த்தார். வெளியே அனுப்ப அங்கே இடம் இல்லை, அறை வாசலில் போலீஸ்காரர்கள் நின்றார்கள். திரும்பச் சொல்லும்படி நான் கேட்கவில்லை. அவராகவே, "இத்தன வருஷம் உன்னக் கத்திக் கத்திதான் கூப்பிட்டிருக்கேன். வீட்டுக்குள்ள வரும்போது நீ இருக்கியான்னு தெரிஞ்சுக்கத்தான் அந்தக் கத்து. நீ இல்லன்னா எனக்கு அந்த வீடு வீடே இல்ல" என்றார். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "தெரியும். நிறுத்தாதீங்க, ஓடுது" என்றார்கள். அண்ணியின் குரலும் பதிவில் விழுந்திருக்கிறது. வேறு சத்தம் வரக்கூடாது என்று மேடம் சொல்லியிருந்தாலும் அதை நான் வெட்டப்போவதில்லை.

இதுவரை எழுதியதை எழுத்தரம்மா எனக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது முறை. "நான் படிக்கிறேன், குடுங்க" என்று அண்ணன் தாள்களை வாங்கி, முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தார். நான் மைக்கை நிறுத்தவில்லை. தொண்டை கட்டிய இடங்களில் தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தார், என் வாயைப் பற்றி எழுதிய இடத்தில் சிரித்தார். அவர் குரலில் முழுவதையும் கேட்டேன். ஒரு சொல்லும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அத்தனையும் நடந்தபடியே உள்ளது என்று ஒப்புக்கொண்டு, அண்ணன் வண்டியில் காத்திருப்பதால் அவசரமாகக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)