டாக்டர் ஷாந்தினி ரத்தத்தில் தேடிய அடையாளம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் ஐயா வடிவேலு அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர்களே, தாதியர்களே, லூபோக் சீனா, பாயா ரும்புட் ஊர்களிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறவுகளே, முன்வரிசையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கும் ஐயா தம்புசாமி அவர்களே, அம்மா பெரியநாயகி அவர்களே!

உங்கள் எல்லாருக்கும் வணக்கம் சொல்லக் கை எழுகிறது. ஆனால் நெஞ்சு எழவில்லை.

என் பெயர் மணியம். மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். டாக்டர் ஷாந்தினி தம்புசாமி எடுத்து அனுப்பும் ரத்தத்தைப் பரிசோதித்து, முடிவை அவருக்குச் சொல்வது என் வேலை. இனி யாருக்குச் சொல்வேன்? வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு, "என்ன மணியம், வந்துருச்சா?" என்று கேட்டபடியே உள்ளே வரும் அந்தக் குரலை இனி எங்கே கேட்பேன்?

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தம்புசாமி ஐயாவின் மகள் அவர். லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். டாக்டராகித் திரும்பி வந்தபோது, பெரிய ஊர்களில் பெரிய இடங்கள் அவரைக் கூப்பிட்டன. அவர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "இங்க காய்ச்சல் வார்டுல எனக்கு ஒரு கேள்வி இருக்கு. அதுக்கு பதில் தெரியாம எங்கயும் போறதா இல்ல" என்றார்.

அது என்ன கேள்வி?

டெங்கிக் காய்ச்சல் வந்தவர்கள் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆனால் சிலருக்குக் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து ஆரம்பிக்கிறது. காலையில் எழுந்து உட்கார்ந்து மைலோ குடித்தவர் மாலையில் கை கால் சில்லிட்டுக் கிடக்கிறார். ரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியே கசிந்துவிடுகிறது, ரத்தம் கெட்டியாகிவிடுகிறது, நாடி ஒடுங்கிவிடுகிறது. ஒரே வார்டு, ஒரே காய்ச்சல். யார் வீட்டுக்கு நடந்து போவார், யாரைத் தூக்கிக்கொண்டு போவார்கள்? அது தெரிவதற்குள் காலம் கடந்துவிடுகிறது. முகம் சொல்லாததை ரத்தம் முன்கூட்டியே சொல்லுமா? இதுதான் அவர் கேள்வி. இந்தக் கேள்விக்காகத்தான் அவர் வாழ்ந்தார். இந்தக் கேள்விக்காகத்தான் ஓடினார், ஓடினார், ஓடிக்கொண்டே இருந்தார்!

காய்ச்சல் தொடங்கிய நாட்களிலேயே எடுத்த ரத்தத்தில் ஓர் அடையாளம் இருப்பதாக அவர் கண்டார். கல்லீரல் அடிபடும்போது ரத்தத்தில் ஒரு பொருளின் அளவு ஏறும். பின்னால் மோசமானவர்கள் பலருக்கு அது முன்பே ஏறியிருந்தது. அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! "கிடைச்சிருச்சு போல மணியம்" என்று மெதுவாகத்தான் சொன்னார். உரக்கச் சொன்னால் ஓடிப்போய்விடுமோ என்ற பயம் போல.

அப்போதுதான் உஷாராணி வந்தாள்.

தோட்டத்துப் பிள்ளை. இடைநிலைப்பள்ளி மாணவி. அவள் அம்மா மீனம்மா இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். அவரைக் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே இதைச் சொல்கிறேன். உஷாராணியின் ரத்தத்தில் அந்த அளவு ஏறவே இல்லை. டாக்டர் தேடிய அடையாளப்படி அவள் பிழைக்க வேண்டியவள். காய்ச்சலும் விட்டது. பிறகு நாடி விழுந்தது. வார்டில் இருந்த எல்லாரும் போராடினார்கள். அந்தப் பிள்ளை போய்விட்டாள்.

துக்க வீட்டுக்கு டாக்டர் போனார். நானும் கூடப் போனேன். மற்றவர்களாக இருந்தால் "எங்களால் முடிந்ததைச் செய்தோம்" என்று சொல்லியிருப்பார்கள். அவர் மீனம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, நான் தேடுன அடையாளம் உங்க மக ரத்தத்துல இல்ல. சாதாரணம்னு வந்ததும் என் மனசு கொஞ்சம் அசந்துருச்சு. என் கணிப்பு தப்புக்கா."

உறவுக்காரர் ஒருவர் ஆத்திரத்தோடு எழுந்தார். மீனம்மா கையைக் காட்டி அவரை உட்கார வைத்துவிட்டுக் கேட்டார்:

"எம்புள்ளகிட்ட எடுத்த ரத்தம் இன்னும் இருக்கா?"

"கொஞ்சம் இருக்குக்கா. குளிர்ல பத்திரமா வச்சிருக்கோம். வேணாம்னு நீங்க சொன்னா அழிச்சிடுறேன்."

"அழிக்காதீங்க டாக்டர். அதுல என்னா இருக்குன்னு பாருங்க. ஏன் தப்பாச்சுன்னு பாருங்க. இன்னொரு புள்ளைக்கு இப்படி ஆவக்கூடாதுலா."

அதைக் கேட்டு டாக்டர் அழுதார். தாய் அழவில்லை, மருத்துவர் அழுதார். மீனம்மா அவர் தோளைத் தொட்டுத் தேற்றினார். இப்படி ஒரு காட்சியை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.

பிறகு ஆய்வை எழுதும் வேளை வந்தது. அனுபவம் மிக்க ஒருவர் யோசனை சொன்னார்: அந்த ஒரு பிள்ளையின் கணக்கை எடுத்துவிட்டால் முடிவு பளிச்சென்று இருக்கும், அவளுக்கு வேறு ஏதாவது நோயும் இருந்திருக்கலாமே என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அப்படிச் செய்வதற்கு வழியும் இருந்தது, பெயரும் காத்திருந்தது. டாக்டர் ஷாந்தினி என்ன செய்தார் தெரியுமா?

என்னிடம் வந்து சொன்னார்: "உஷாராணிய விட்டுட்டு எழுதுனா அது ஆராய்ச்சி இல்ல மணியம். பொய். நாளைக்கு எவனாவது அந்தப் பொய்ய நம்பி ஒரு புள்ளைய வீட்டுக்கு அனுப்புவான்."

கோலாலம்பூர் மாநாட்டு மேடையில் ஏறி, தான் கண்ட அடையாளத்தைத் தானே குறைத்துச் சொன்னார். "இது உதவும், ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஓர் எண்ணைப் பார்த்து உயிரைத் தீர்மானிக்காதீர்கள். காய்ச்சல் விட்டவரின் ரத்தத்தை மீண்டும் பாருங்கள், மீண்டும் பாருங்கள்" என்றார். கைத்தட்டல் குறைவுதான். அவர் கவலைப்படவில்லை. திரும்பி வந்த மறுநாளே அதை நம் வார்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

அதனால் பிழைத்தவர் ஒருவர் பின்வரிசையில் நிற்கிறார். பசார் மாலாம் இரவுச் சந்தையில் காய்கறி விற்கும் ரங்கசாமி அண்ணன். காய்ச்சல் விட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மீண்டும் ஊசியோடு வந்த டாக்டரைப் பார்த்துக் கத்தினார்: "எத்தன வாட்டிதான் குத்துவீங்க? ஒடம்புல ரத்தம் மிச்சம் இருக்கா இல்லையா?"

டாக்டர் கோபப்படவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அண்ணே, அடுப்புல கஞ்சி கெடந்தா தண்ணி வத்திக் கெட்டியாவுதுல்ல? உங்க ரத்தம் அப்படி ஆவுதான்னு பாக்கணும். இது ஒண்ணு மட்டும் குடுங்க. நல்லா இருந்துச்சுன்னா நானே உங்கள வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுறேன்."

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கையை நீட்டினார். நல்லா இல்லை. ரத்தம் கெட்டியாகிக்கொண்டிருந்தது, தட்டணுக்கள் சரிந்துகொண்டிருந்தன. அன்று அவர் பஸ் ஏறியிருந்தால் வழியிலேயே விழுந்திருப்பார். பிழைத்தார். அதன் பிறகு தோட்டம் தோட்டமாக டாக்டரோடு போய், "பயப்படாம குடுங்கய்யா, எங்கிட்டயும் எடுத்தாங்க" என்று கையைக் காட்டிப் பேசியதும் இதே ரங்கசாமி அண்ணன்தான்.

தோழர்களே, இனிச் சொல்லப்போவதைச் சொல்ல என் நா எழவில்லை. ஆனால் சொல்லாமல் போனால் நான் அவருக்குத் துரோகம் செய்தவனாவேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை லூபோக் சீனா கிளினிக்குக்குப் போய், காய்ச்சல் விட்டவர்களின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு அவர் காரில் திரும்பினார். கடும் மழை. வளைவில் கார் வழுக்கி மரத்தில் மோதியது. மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை. அவரோடு ஓர் ஐஸ் பெட்டியும் வந்தது. போலீஸ்காரர் ஒருவர் அதை மழையில் நனையாமல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தார். திறந்து பார்த்தேன். குழாய்களில் ஒன்றுகூட உடையவில்லை. ஒவ்வொன்றிலும் பெயர், அவர் கையெழுத்தில்.

நான் என்ன செய்வேன்? கீழ்த்தளத்தில் அவர் கிடக்கிறார். மேலே அவர் கொண்டுவந்த ரத்தம் காத்திருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். தொடங்காமல் இருக்க முடியுமா?

அதில் ஒரு குழாய் காளியம்மா என்ற பெண்ணுடையது. ரத்தம் கெட்டியாகியிருந்தது. உடனே கிளினிக்குக்குப் போன் செய்தோம். அங்கிருந்து வீட்டுக்குத் தகவல் சொன்னபோது அவர் கணவர் சொன்னாராம், "நல்லாத்தானே இருக்கா, துணி தொவைச்சிட்டு இருக்கா" என்று. ஆம்புலன்ஸ் போனது. வந்து சேர்ந்தபோது நாடி மெலிந்துகொண்டிருந்தது. நம் மருத்துவர்கள் விடவில்லை. நேற்று காளியம்மா எழுந்து உட்கார்ந்து, "அந்தச் சின்ன டாக்டரம்மா எங்க? திரும்ப வரேன்னாங்களே" என்று கேட்டார்.

ஐயா தம்புசாமி அவர்களே! அம்மா! உங்கள் மகளை எங்களால் திருப்பித் தர முடியாது. எந்தச் சொல்லும் அந்த வீட்டின் வெறுமையை நிரப்பாது. ஆறுதல் சொல்லும் தகுதி எனக்கில்லை; உங்களோடு அழும் உரிமை மட்டும் இருக்கிறது.

ஆனால் ஓர் உறுதி தருகிறோம். அவர் தேடிய பதில் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. அது கிடைக்கும்வரை தேடுவோம். நம் மருத்துவமனையின் டாக்டர் புவனேந்திரன் அந்த ஆய்வைப் பொறுப்பேற்க முன்வந்திருக்கிறார். லூபோக் சீனாப் பயணம் நிற்காது. கேட்காமல் யாரிடமும் ரத்தம் எடுக்க மாட்டோம். எடுத்த ரத்தம் சொல்வதை மறைக்க மாட்டோம். நமக்குப் பிடிக்காத உண்மையாக இருந்தாலும் அவரைப் போலவே மேடையேறிச் சொல்வோம். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று யாரும் கட்டிலைவிட்டு இறங்கி ஓடாதீர்கள். இன்னொரு முறை கையை நீட்டுங்கள்.

வார்டில் இப்போதும் காய்ச்சல்காரர்கள் படுத்திருக்கிறார்கள். மதியம் எடுத்த ரத்தம் பரிசோதனைக்கூடத்துக்கு வந்திருக்கும். டாக்டர் இங்கே இருந்திருந்தால், "பேசினது போதும்லா மணியம், போய் வேலையப் பாருங்க" என்று என்னை விரட்டியிருப்பார்.

போகிறேன், டாக்டர்.