இன்னும் கொஞ்சம் பின்னால்

இந்த நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது, சார். ஓர் அட்டையை மடித்து அடியில் சொருகினால் சரியாகிவிடும். கட்டடக்கலையைப் பாதியில் விட்டவன்தான் நான். ஆனாலும் எது எங்கே ஆடுகிறது என்று கண் தானாகப் பார்க்கிறது.

ரப்பர் எப்படி விழுந்தான் என்றுதானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

ரப்பர் என்பது கல்லூரியில் வைத்த பட்டப்பெயர். அடுத்தவன் வரைந்ததைப் பார்த்தால் அவன் கை ரப்பரைத் தேடும். தூண் அதிகம், ஜன்னல் அதிகம், படி அதிகம் என்று அழித்துக்கொண்டே போவான். மிஞ்சியதற்குக் கீழே தன் பெயரைப் போட்டுக்கொள்வான். எங்கள் இருவரையும் சேர்த்து ஒரே திட்டத்தில் போட்டார்கள். ஒரு தேவாலயம், அதன் முன்னால் ஒரு பொதுச் சதுக்கம். கற்பனை இடம் இல்லை. பழைய கட்டடத்தை இடித்துவிட்டு ஒரு தேவாலயக் குழு காத்திருந்தது. மாணவர்கள் வரைந்ததில் பிடித்ததைக் கட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

தேவாலயத்தை அவன் எடுத்துக்கொண்டான். சதுக்கம் என்னுடையது.

அந்த இடத்தில், மணிக்கூண்டு வரவிருந்த மூலையை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. உள்ளே போகப் பிடிக்காதவனுக்கும் வெளியே உட்கார ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தேன். அதனால் அந்த மரத்தைச் சுற்றியே சதுக்கத்தை வரைந்தேன். அட்டையில் செய்த சிறு மாதிரியில் வைப்பதற்கு அந்த மரத்தைச் செப்புக் கம்பியை முறுக்கிச் செய்தேன். கிளை கிளையாக. விரல் நுனியெல்லாம் கிழிந்தது.

ஒப்படைக்கிற நாளன்று வந்து பார்த்தால் மரம் இல்லை. அது நின்ற துளையில் வெள்ளை அட்டைத் துண்டை ஒட்டி, தேய்த்து, தடமே தெரியாமல் மறைத்திருந்தான்.

"முகப்பை மறைக்குதுடா. சுத்தமா இருக்கட்டும்" என்றான்.

எங்களுக்குப் பாடம் எடுத்த மேடம் எங்கள் மாதிரிக்கு முன்னால் வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இந்த வெறுமை இருக்கே, இதுதான் டிசைன்" என்றார்.

"அங்க ஒரு மரம் இருந்துச்சு மேடம்" என்றேன்.

"அவனை விடுங்க மேடம். மரம்னா அவனுக்குப் படுக்க நிழல்" என்றான் ரப்பர்.

"அப்போ ஒரு கட்டிலையும் சேர்த்து வரைஞ்சிருக்கலாமேப்பா" என்றார் மேடம். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதன் பிறகு கல்லூரிக்குப் போகவில்லை. "ஒரு மரத்துக்காகவாடா?" என்று அம்மா கேட்டாள். இன்றைக்கும் கேட்கிறாள்.

குழுவுக்கும் அந்த வெறுமை பிடித்துவிட்டது. மரத்தை வெட்டினார்கள். வேலை நடக்கும் இடத்துக்கு இரவுக் காவலுக்கு ஆள் தேடினார்கள், நான் சேர்ந்தேன். மனதில் எதையோ வைத்துக்கொண்டு சேர்ந்தேன் என்று நினைக்காதீர்கள். இரவு வேலையில் யாரும் வந்து யோசனை சொல்வதில்லை. அவ்வளவுதான்.

எங்கள் படிப்பில் ஒரு பழக்கம் உண்டு. அதைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். "மூக்கை வச்சு வரையாதீங்க, தள்ளி நின்னு பாருங்க" என்று மேடம் சொல்லிச் சொல்லி அது எங்கள் உடம்பில் ஊறிவிட்டது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அப்படியே பின்னால் நடப்போம். திரும்பிப் பார்க்க மாட்டோம், திரும்பினால் பார்வை கலைந்துவிடும். ரப்பர் இதில் படுமோசம். ஸ்டூலைத் தள்ளுவான், தண்ணீரைக் கவிழ்ப்பான். ஒருமுறை மேடம் மடியிலேயே போய் உட்கார்ந்துவிட்டான்.

அன்று காலை நான் கிளம்பும் நேரத்தில் அவன் வந்தான். சதுக்கத்துக்குக் கல் பாவி முடித்திருந்தார்கள். அதை மேலிருந்து பார்க்க வேண்டுமாம்.

"என்ன வாட்ச்மேன், மணிக்கூண்டுச் சாவி உன்கிட்டதானேடா?"

திறந்துவிட்டு நானும் கூடவே ஏறினேன். மேலே கைப்பிடிச் சுவர் இன்னும் எழவில்லை. சாமான் ஏற்றுகிற பக்கத்தில் மட்டும் குறுக்கே ஓர் இரும்புக் குழாயைக் கொக்கியில் மாட்டியிருப்பார்கள். அதில் சாய்ந்து கீழே பார்த்தான். வெயிலில் கல் கண்ணைக் கூசவைத்தது. நிற்க ஒரு நிழல் இல்லை.

"பார்த்தியா, எவ்ளோ சுத்தம். உன் மரம் இருந்திருந்தா இலை கூட்டவே இன்னொரு வாட்ச்மேன் போடணும்."

"ஆமா" என்றேன்.

பிறகு மணியைத் தொங்கவிடுவதற்காக நடுவில் நிறுத்தியிருந்த சட்டத்துக்குப் போனான். அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாஞ்ச மாதிரி இல்ல?" என்றேன். சட்டம் சாயவில்லை.

அவன் ஒரு கண்ணை மூடினான். பின்னால் நடந்தான்.

"சரியாத்தானேடா இருக்கு?"

"இன்னும் கொஞ்சம் பின்னாடி போய்ப் பாரு. முழுசாத் தெரியும்."

போனான். நான் அவனைத் தொடவே இல்லை, சார். அதை மட்டும் அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

குழாய் என்ன ஆனது என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அவன் சட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தபோது நான்தான் கழற்றினேன். சத்தம் வராமல் தரையில் படுக்கவைத்தேன். அது முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்று நம்பித்தான் அவன் நடந்தான். இல்லை என்று தெரிந்துதான் நான் நடக்கச் சொன்னேன். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கொலை என்று போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை விட்டுவிடாதீர்கள். நான் வரைந்தது வரைந்தபடி இருந்திருந்தால் அவனுக்குக் கீழே ஒரு மரம் இருந்திருக்கும். ஏதாவது ஒரு கிளை தாங்கியிருக்கும். அதை அழித்தது நானில்லை.