மாதாவுக்கு எந்தத் தகடு?

பஸ்ஸில் செல்போனில் அலறிக்கொண்டிருந்த ஆள் கீழ்புத்துப்பட்டில் இறங்கித் தொலைந்த பிறகுதான், முன் சீட்டுப் பெண் கணவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"மாதாவுக்கு எந்தத் தகடுங்க வாங்குறது?"

மாதா கோயிலில், நோய் வந்த உறுப்பின் வடிவத்தில் வெள்ளித் தகடு வாங்கிக் காணிக்கை போடுவார்கள். கணவர் கழுத்தில் பிளாஸ்திரி, மடியில் ஸ்கேன் கவர்.

"கழுத்து கெடைக்குமா?" என்றார் அவர்.

"கழுத்துல இருக்குறது பரவி வந்த கேன்சராம். ஆரம்பிச்ச எடம் வேறன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களே."

"எந்த எடமாம்?"

"எல்லா ஸ்கேனும் எடுத்துப் பாத்துட்டாங்க, தெரியல. சில பேருக்குக் கடைசி வரைக்கும் தெரியாதாம்."

"அப்புறம் எத வெச்சு மருந்து ஏத்துறாங்க?"

"கட்டியில சதை எடுத்து டெஸ்ட் பண்ணாங்கல்ல, அத வெச்சுதான்."

ஜன்னலில் உப்பளங்கள் வர ஆரம்பித்தன. அந்தப் பெண் ஸ்கேன் கவரை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்டார்.

"நுரையீரல், வயிறுன்னு எல்லாத்துலயும் ஒண்ணு வாங்கிடட்டுமா?"

அவர் சிரித்தார். "முழு ஆளு தகடு இருக்குமில்ல, அத வாங்கு."

"அதுல எந்த எடம்னு மாதாவுக்கு எப்படித் தெரியும்?"

"எடத்த டாக்டருங்க தேடட்டும். நீ ஆளு வேணும்னு மட்டும் கேளு."