முதல் பக்கம் முடியும்வரை

வினைல் இசைத்தட்டை வெந்நீரில் கழுவக்கூடாது. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் கழுவிக் கெடுக்கிறார்கள். என் நண்பன் கஸ் எப்போதும் பச்சைத் தண்ணீரில், ஒரே ஒரு சொட்டு சோப்பு விட்டு, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோலத் துடைப்பான். அன்றைக்கும் அப்படித்தான் துடைத்தான். கை கொஞ்சம் நடுங்கியது. காப்பி அதிகமாகக் குடித்துவிட்டான் என்று நினைத்தேன்.

என்னை யாரும் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்து வரவில்லை, அதிகாரி. நானாகத்தான் வந்தேன். கஸ்ஸுக்கு மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக்கொடுத்து, பாதிரியார் ஜெபம் சொல்லி, மண்ணும் தள்ளியாகிவிட்டது. நான் வாயைத் திறக்காவிட்டால் அது அப்படியே போயிருக்கும். ஏன் வந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சொன்னால் என்னைப் பைத்தியம் என்பீர்கள்.

காப்பர் வார்டன்ஸ் இசைக்குழுவின் 'ஏரிக்கரை இரவு' தட்டு உங்கள் அப்பா வீட்டிலும் இருந்திருக்கும். எழுபத்திரண்டில் கிளீவ்லாண்டில், கூட்டத்துக்கு நடுவே பதிவு செய்த கச்சேரி. டொலீடோவில் எங்கள் வயதுக்காரர்களிடம் ஆளுக்கொன்று கிடக்கும். என் வீட்டில் ஒரு சுவர் முழுக்க அது மட்டும்தான். ஒஹையோவில் அச்சடித்தது, கலிபோர்னியாவில் அச்சடித்தது, கனடா, ஜெர்மனி, ஜப்பான் என்று எல்லாம் உண்டு. உறை ஒன்றேதான், பாட்டும் ஒன்றேதான். "ஒரே அப்பத்தத் தட்டு மாத்தி மாத்தித் தின்னா ருசி மாறிடுமா?" என்று என் மைத்துனி கேட்டாள். தெரியாதவர்களுக்கு விளக்கி ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான் தேடியது பாட்டை அல்ல. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டுக்கு முன்னால் கூட்டம் ஒரு கணம் ஓயும். அந்த இடைவெளியில், ஒலிவாங்கிக்குப் பக்கத்தில், ஒரு பெண் சிரிப்பாள். அது முதல் அச்சில் மட்டும்தான் இருக்கிறது. இடைவெளி நீளம் என்று கம்பெனிக்காரர்கள் பிறகு அதை வெட்டிவிட்டார்கள்.

கல்யாணமான புதிதில் என் மனைவி மார்லீனின் தட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவள்தான் காட்டினாள்.

"கேட்டியா? அது நான்தான். முன்னாடி நின்னுட்டிருந்தேன். ட்ரம் அடிக்கறவன் குனிஞ்சான், கால்சட்டை கிழிஞ்சிருச்சு."

மார்லீனின் சிரிப்பு உங்களுக்குத் தெரியாது. அடித்தொண்டையிலிருந்து கரகரவென்று வரும். லாரிக்காரன் சிரிப்பதுபோல இருக்கிறதென்று அவள் அம்மாவே திட்டுவாளாம். கோயிலில் அவள் சிரித்தால் பாதிரியார் பிரசங்கத்தை விட்டுவிட்டு அவரும் சிரிப்பார்.

அந்தத் தட்டைத்தான் நான் கொடுத்துத் தொலைத்தேன். எங்களைப்போலத் தட்டு சேர்க்கிறவன் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் அது. தட்டில் கீறல் இருந்தது, பொரபொரவென்று சத்தம். போதாததற்கு அவள் நடுவட்டத் தாளில் பேனாவால் தன் பெயரை எழுதிவைத்திருந்தாள். பெயர் எழுதிய தட்டு எங்களுக்குக் கறைபட்ட சட்டை மாதிரி. ஒரு சந்தையில், கீறலே இல்லாத புதிய அச்சுக்கு அதை மாற்றிக்கொண்டு வந்தேன். வீட்டில் போட்டுக் கேட்டால், இடைவெளியே இல்லை. மார்லீனிடம் போய் நின்றேன். அவள் கோபப்படவில்லை.

"மண்டு, நான்தான் இங்கயே நிக்கறேனே. சிரிக்கணும்னா சொல்லு, சிரிக்கறேன்," என்றாள்.

பிறகு தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். சின்னப் பலகையில் எழுதித்தான் பேசினாள். சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது. அவள் போன பிறகு வீடெல்லாம் துழாவினேன். கல்யாணப் படச்சுருள் ஒலியில்லாதது. தொலைபேசிப் பதிவில் இருந்தது என் குரல். முப்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்தவள், அதிகாரி. அவள் குரல் உலகத்தில் எங்கேயும் இல்லை, நான் கைமாற்றிவிட்ட அந்தத் தட்டைத் தவிர. நெஞ்சு வெடிக்கிறது என்பார்களே, அது பேச்சுக்குச் சொல்வதல்ல.

கஸ் ஒருவனுக்குத்தான் இது தெரியும். ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம், ஒரே பைத்தியம் பிடித்தது. அவனும் எனக்காகத் தேடினான். பழைய சாமான் விற்கிற வீடு ஒன்றையும் விடமாட்டான். கடைசியில் சான்டஸ்கி ஊரில், செத்துப்போன ஒரு பல் டாக்டரின் பெட்டியில் கிடைத்தது. வேறு எதுவும் அல்ல, அதே தட்டு. நடுவட்டத் தாளில் மார்லீனின் பெயர், அவள் போடும் அந்தக் கோணல் எழுத்தில்.

அது தவக்காலத்து வெள்ளிக்கிழமை. அவன் மனைவி பெர்னி கோயில் மண்டபத்தில் மீன் வறுக்கப் போயிருந்தாள். நாங்கள் இருவர்தான், அவன் வீட்டு நிலவறையில். கஸ் தட்டைக் கழுவித் துடைத்தான். சுழற்சி வேகத்தை நான் சரிபார்த்தேன். தட்டைச் சுழற்றும் அந்தக் கருவியை அவனுக்கு அமைத்துக்கொடுத்ததே நான்தான், மயிரிழை பிசகாது. மாநிலத்திலேயே இதைவிடச் சரியாகச் சுற்றுகிற கருவி இல்லையென்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வான்.

ஊசியை வைப்பதற்கு முன்னால் அவன் ஒரு விஷயம் சொன்னான். அதையும் பிறகு சொல்கிறேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஊசி வைத்துவிட்டால் அந்தப் பக்கம் முடியும்வரை யாரும் பேசக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது. தொலைபேசி மேல்மாடியில் இருக்கும். ஒருமுறை பெர்னி கையைச் சுட்டுக்கொண்டு படிக்கட்டில் வந்து நின்றாள். பாட்டு முடிந்த பிறகுதான் கஸ் திரும்பிப் பார்த்தான். அதைச் சொல்லிச் சொல்லியே அவள் அவனை இருபது வருஷம் வறுத்தெடுத்தாள்.

மூன்றாவது பாட்டில் அவனுக்கு வியர்த்தது. இடது கையைப் பிடித்துக்கொண்டான். என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை என்று சொல்லமாட்டேன். தொழிற்சாலையில் முதலுதவி வகுப்பு எடுத்தவன் நான். பாட்டு முடிய இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. வழக்கம் வழக்கம்தானே. அவனே போட்ட வழக்கம்.

பாட்டு முடிந்தது. கூட்டம் ஓய்ந்தது. அந்த இடைவெளி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வெண்டல்," என்றான் கஸ். "ஆம்புலன்ஸக் கூப்பிடுறா."

சிரிப்பின்மேல் அவன் குரல் விழுந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்துவிட்டு, அந்த நேரத்தில் போய்ப் பேசினான். எழுந்து போனேன். ஊசியைத் தூக்கி, அந்த இடத்துக்குச் சற்று முன்னால் மறுபடி வைத்தேன். அவன் நாற்காலியிலிருந்து சரிந்து கம்பளத்தில் கிடந்தான். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மார்லீனுக்கும் கடைசியில் அப்படித்தான். இந்த முறை தெளிவாகக் கேட்டது. இன்னொரு முறை வைத்தேன். பிறகும் வைத்தேன். போதும் என்று தோன்றியபோது மாடிக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தேன். வந்த பையன்கள் நல்லவர்கள். என் தோளைத் தட்டி, உங்களால் முடிந்ததைச் செய்தீர்கள் என்றார்கள்.

ஊசி வைக்குமுன் அவன் சொன்ன விஷயம் இதுதான். சந்தையில் ஒரு கிழவரைப் பார்த்தானாம். அந்தக் கச்சேரியைப் பதிவு செய்தவர்களில் ஒருவர். கிளீவ்லாண்டில் அந்தக் கடைசிப் பாட்டின் நாடா கெட்டுப்போய்விட்டதாம். அடுத்த வாரம் பிட்ஸ்பர்க்கில் பதிவு செய்ததைத்தான் ஒட்டினார்களாம், பாட்டுக்கு முன்னால் வரும் கூட்டத்தின் சத்தத்தோடு சேர்த்து.

"மார்லீன் பிட்ஸ்பர்க் போகல, இல்லடா?" என்றான். "பெர்னிகிட்டகூட நான் சொல்லல. ஆனா உனக்குத் தெரியாம இதக் குடுக்க மனசு வரல. தட்டு உன்னுதுதான், எடுத்துட்டுப் போ."

நல்லவன்தான். பொய் சொல்ல வராது அவனுக்கு. போடு, அப்புறம் பேசலாம் என்றேன். அதற்கப்புறம் அவனைப் பேசவிடவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். உலகத்தில் அது மார்லீன் இல்லை என்று தெரிந்தவன் கஸ் ஒருவன். அந்தக் கிழவருக்கு மார்லீனைத் தெரியாது. கஸ் பிழைத்திருந்தால், அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவள் எனக்கு மறுபடி செத்துப்போவாள். இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும் என்றிருந்தது. நான் என் மனைவியைக் காப்பாற்றினேன். வெறிபிடித்துச் செய்ததல்ல. உட்கார்ந்து, யோசித்து, செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இனி, ஏன் வந்தேன் என்பதற்கு வருகிறேன். சாவு வீட்டில் பெர்னி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கடைசியா அவர் கேட்டது இதுதானே, வெண்டல்? அவரோடயே போகட்டுங்க," என்றாள்.

தட்டை அவன் கைகளுக்கு அடியில் வைத்து மூடிவிட்டாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். வலது பக்கம், நடுவில். தோளில் அவர்கள் இருவரையும் சுமந்துகொண்டு போய் நானே குழிக்குள் இறக்கினேன். அன்றிலிருந்து தூக்கமில்லை. கஸ்ஸுக்காக அல்ல, பொய் சொல்ல மாட்டேன். ஈரம் பட்டால் உறை முதலில் போகும். தட்டு தாங்கும், ஆனால் எத்தனை நாள்?

கொலை என்றால் தோண்டுவீர்கள். தட்டு ஆதாரம். போட்டுக் கேட்டுத்தான் ஆகவேண்டும். அப்போது நானும் அறையில் இருந்தால் போதும். கைவிலங்கோடு இருந்தாலும் பரவாயில்லை.

ஒன்றே ஒன்று. கஸ்ஸின் கருவியில் கேட்டபோது அந்தச் சிரிப்பு கொஞ்சம் மெல்லிசாக, சின்னப் பெண் சிரிப்பதுபோல இருந்தது. கருவி வேகமாகச் சுற்றியிருக்கவேண்டும். நீங்கள் போடும்போது வேகத்தைச் சற்றுக் குறைத்துப் போடுங்கள். அப்போது மார்லீன்தான் என்று உங்களுக்கே தெரியும்.